மெஸ்கெத்தி: ஜார்ஜியாவின் 'புதுக்கோட்டை'க்காரர்கள் யார்?

#1 தினைக்குருவி

திபிலிசியில் மருத்துவம் படித்த ஆறு வருடத்தில் நான் பார்த்த ஜார்ஜியா என்றால் கல்லூரி, விடுதி, விடுதிக்கு எதிரே ஒரு ரொட்டிக் கடை, அவ்வளவுதான். கடைசித் தேர்வு முடிந்து, ஊருக்கு விமானம் ஏற ஒரு வாரம் இருந்தபோதுதான் திதுபே பேருந்து நிலையத்தில் மர்ஷுருத்கா (நம்மூர் ஷேர் வேன் மாதிரி) பிடித்துத் தெற்கே மெஸ்கெத்தி பகுதியில் இருக்கிற அகல்ட்சிகே போனேன். ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 'அகாலி' என்றால் புது. 'த்சிகே' என்றால் கோட்டை. சாட்சாத் புதுக்கோட்டை! கிழக்கே இருக்கிற அகல்கலகி, புதுநகர்.

ஆனால் இழை தொடங்கியது பெயருக்காக இல்லை. அங்கிருந்து வார்ட்சியா குகை மடத்துக்குப் போகிற வழி முழுக்க ம்த்க்வாரி ஆறு (வரைபடத்தில் குரா) கூடவே வருகிறது. இரண்டு கரை மலைச்சரிவிலும் படிப்படியாகக் கல் அடுக்கிக் கட்டிய வரப்புகள். நூற்றுக்கணக்கில். பெரும்பாலான படிகளில் முட்செடிதான் இருந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன், "திராட்சை" என்றார். யார் போட்டது என்றேன். "பழைய ஆட்கள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அன்று ராத்திரி தங்கிய வீட்டுப் பாட்டியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜார்ஜிய மொழியில் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் பதில்: "எங்கள் அப்பா ராச்சாக்காரர், வடக்கு மலைப்பக்கம். 1944 கடைசியில் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். நாங்கள் கேட்டு வரவில்லை. இந்த வீட்டில் முன்னால் இருந்தவர்களின் செப்பு அண்டா ஒன்று இருந்தது. இன்னொருத்தி சமைத்துக்கொண்டிருந்த பாத்திரம் என்று என் அம்மா சாகும்வரை அதில் சமைக்கவில்லை."

நான் மெஸ்கெத்திக்குப் போனேன், மெஸ்கெத்தி வீட்டில் தங்கினேன், ஆனால் மெஸ்கி ஒருவரையும் பார்க்கவில்லை போலிருக்கிறதே? மெஸ்கி என்றால் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓடக்காரன்

தலைப்பில் ஜார்ஜியா என்று பார்த்துவிட்டு அட்லாண்டா பக்கத்து விஷயம் என்று நினைத்து உள்ளே வந்தேன். பரவாயில்லை, உட்கார்ந்துவிட்டேன். தொடருங்கள்.

#3 பழஞ்சுவடி

தினைக்குருவி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மோஸ்கோய்' என்ற மக்களை ஹெரோடோட்டஸ் பாரசீகப் பேரரசுக்கு வரி கட்டியவர்கள் பட்டியலில் வைக்கிறார். அவர்கள்தான் மெஸ்கிகளின் முன்னோர் என்பது ஜார்ஜியாவில் பரவலான நம்பிக்கை. ஆய்வாளர்களிடையே அது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. நான் நேரே நடுக்காலத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த வார்ட்சியா மூன்றாம் கியோர்கி மன்னர் தொடங்கி, அவர் மகள் தாமர் முடித்தது. அங்கே கோயிலுக்குள் அப்பாவும் மகளும் நிற்கும் சுவரோவியத்தைப் பார்த்திருப்பீர்கள். தாமர் பெயரருகே "நீடு வாழ்க" என்ற வாசகம் இருக்கிறது, அப்பா பெயரருகே இல்லை. அதாவது அவர் அப்போது உயிரோடு இல்லை. மணமான பிறகு வரைந்த படங்களில் தாமருக்கு இருக்கும் நாடா இந்தப் படத்தில் இல்லை. கியோர்கி இறந்தது 1184இல், தாமரின் முதல் திருமணம் 1185 வாக்கில். ஒரு வாழ்த்தையும் ஒரு நாடாவையும் வைத்துக்கொண்டே அந்த ஓவியத்தின் காலத்தை ஓரிரு வருடத்துக்குள் அடைத்துவிட்டார்கள். கல்வெட்டுக்காரர்கள் எந்த நாட்டிலும் ஒரே ஜாதிதான்.

1283இல் நிலநடுக்கம் வந்து மலையின் முகப்பே உதிர்ந்து விழுந்தது. இன்று தேன்கூடு மாதிரி வெளியே தெரிகிற அறைகள் எல்லாம் ஒரு காலத்தில் மலைக்குள் மறைந்திருந்தவை.

அதற்குள் அந்தப் பக்கம் ஜாகெலி என்ற குடும்பத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1266இல் சர்கிஸ் ஜாகெலி திபிலிசி அரசரை விட்டு விலகி, பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசரான இல்கானுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டார். அவர் வழிவந்தவர்கள் 'அதாபக்' பட்டத்தோடு ஆண்டார்கள். அதனால் நாட்டுக்கே 'சாஅதாபகோ', அதாபக்கின் நாடு, என்று பெயர். சர்கிஸ் வயதான காலத்தில் சபா என்ற பெயரில் துறவியானார். அவர் மகன் பெக்கா சபாரா மடத்தில் புனித சபாவுக்குக் கோயில் கட்டினார். உள்ளே ஜாகெலிகளின் உருவங்கள் சுவரில் இருக்கின்றன.

இப்போது சுமார் முன்னூறு வருடம் தாவுங்கள். 1578இல் ஒட்டோமான் படை சில்டிரில் ஜெயித்தது. அடுத்த வருடமே சில்டிர் மாகாணம் உருவானது. 1625இல் அதாபக் மூன்றாம் மனுசாருக்கு விஷம் வைத்து அவருடைய சித்தப்பா பெக்கா ஆட்சியைப் பிடித்தார். பிடித்ததும் மதம் மாறி சபர் பாஷா ஆனார். அவர் வம்சம் பாஷாக்களாக இரண்டு நூற்றாண்டு ஆண்டது. அகல்ட்சிகே ரபாத்தி கோட்டையில் இன்று தங்கக் குவிமாடத்தோடு மின்னுகிற பள்ளிவாசலைக் கட்டிய அகமது பாஷாவும் ஜாகெலிதான்.

சபாரா மடத்துக்கும் அந்தப் பள்ளிவாசலுக்கும் நடுவே சுமார் பத்து கிலோமீட்டர். இரண்டையும் கட்டியது ஒரே குடும்பம். உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

#4 நேர்பேச்சு

பழஞ்சுவடி ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. இந்தக் கதையை இப்படிச் சொன்னால் அடுத்த வரி தானாகவே வந்து விழும்: "ஆக, அங்கே இருந்த முஸ்லிம்கள் எல்லோரும் மதம் மாறிய ஜார்ஜியர்கள்." ஜார்ஜிய தேசியவாதிகள் சொல்வதும் அதேதான். 1944இல் ஸ்டாலின் இங்கிருந்து மத்திய ஆசியாவுக்குத் துரத்திய முஸ்லிம் மக்களில் பெரும்பான்மையோர் தங்களை அகிஸ்கா (அகல்ட்சிகேயின் துருக்கிப் பெயர்) துருக்கியர் என்கிறார்கள். வீட்டில் பேசுவது எல்லைக்கு அப்பால் கார்ஸ், அர்தகான் பக்கத்துத் துருக்கி மொழி. ஒரு மக்கள் தன்னை என்ன சொல்கிறதோ அதைக் கேட்காமல் 400 வருடத்து வம்சாவளியைத் தூக்கிக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

தவிர, 1118 வாக்கில் தாவித் மன்னர் 40,000 கிப்சாக் குடும்பங்களை ஜார்ஜியாவுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார் என்று ஜார்ஜிய வரலாற்றேடே சொல்கிறது. கிப்சாக்குகள் துருக்கி மொழிக் குடும்பத்தவர். ஒட்டோமான்கள் வருவதற்கு 450 வருடம் முன்பே அந்த மண்ணில் துருக்கி பேசியவர்கள் இருந்தார்கள். இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

#5 பழஞ்சுவடி

விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த கிப்சாக்குகள் எல்லோரும் மெஸ்கெத்தியில் குடியேறவில்லை. வந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்களாகி ஜார்ஜிய மொழிக்கு மாறிவிட்டார்கள்.

நான் நம்புவது வம்சாவளியை இல்லை, வரிக் கணக்கை. 1595இல் ஒட்டோமான்கள் இந்தப் பகுதிக்கு ஒரு பெரிய கணக்குப் புத்தகம் எழுதினார்கள், 'குர்ஜிஸ்தான் விலாயத்தின் பெரும் தஃப்தர்'. இருபதாம் நூற்றாண்டில் செர்கி ஜிகியா என்ற ஜார்ஜிய அறிஞர் அதைப் பதிப்பித்தார். ஊர் ஊராக, வீடு வீடாகக் குடும்பத் தலைவர் பெயர். கோதுமை எவ்வளவு, பார்லி எவ்வளவு, திராட்சைச் சாறு எவ்வளவு, தேன்கூட்டுக்கு என்ன வரி, பன்றிக்கு என்ன வரி. கிறிஸ்தவர்கள் தலைக்கு இஸ்பெஞ்சே என்று தனியாகக் கட்டினார்கள். பெயர்களில் மிகப் பெரும்பாலானவை ஜார்ஜியக் கிறிஸ்தவப் பெயர்கள்.

வரி வாங்க வந்தவனுக்கு யார் எந்த இனம் என்பதில் அக்கறை இல்லை. அவனுக்குத் தேவை வசூல். அதனால்தான் அவன் கணக்கை நம்புகிறேன்.

நிலக்கிழார்கள் முதலில் மாறினார்கள், நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள. குடியானவர்கள் மெதுவாக, தலைமுறை தலைமுறையாக மாறினார்கள். அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து கலந்தார்கள். நடுவில் எங்கே கோடு கிழிப்பது?

#6 நேர்பேச்சு

கோடு கிழிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் வேறு யாரோ ஏற்கெனவே கிழித்துவிட்டார்கள் என்பதுதான் கதை.

#7 கல்சட்டி

சண்டைக்கு நடுவே சாப்பாடு பேசலாமா? தினைக்குருவி, அங்கே 'தெனிலி' சாப்பிட்டீர்களா? சாப்பிடாமல் வந்திருந்தால் மறுபடி போங்கள்.

அது ஒரு பாலாடைக்கட்டி. பதமாகத் திரிந்த கட்டியைச் சுடுநீரில் இளக்கி, இரண்டு கையிலும் பிடித்து இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து... கடைசியில் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகளாக வரும். இடியாப்பம் பிழிந்த மாதிரி இருக்கும், ஆனால் அச்சு கிடையாது, எல்லாம் கைதான். குளிர்ந்த இடத்தில் கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்து, உப்புப் போட்டு, பாலேட்டோடு பிசறி, மண்பானைக்குள் இடைவெளி இல்லாமல் அமுக்கி அமுக்கி அடைப்பார்கள். காற்றுப் புகுந்தால் போச்சு. சோவியத் காலத்தில் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்ததைச் சில வீடுகள் மீட்டெடுத்தன.

அப்புறம் அப்போக்தி, காற்றில் உலர்த்திய உப்பிறைச்சி. மெஸ்கெத்தியில் கின்காலி கொழுக்கட்டைக்குள் இதைக்கூட வைக்கிறார்கள். இன்னொன்று கேட்டால் முகம் சுளிப்பீர்கள்: நத்தை. ஜார்ஜியாவில் மற்றப் பக்கம் சீந்தாத நத்தையை இங்கே கத்தோலிக்க வீடுகளில் சமைக்கிறார்கள். பிரெஞ்சுப் பாதிரிகள் பழக்கிவிட்டது என்று பேச்சு.

கோதுமையிலும் இவர்களுக்கென்று தனி ரகம் உண்டு. 'அகல்ட்சிகே சிவப்பு டோலி'. சிலர் இப்போது மறுபடி விதைத்து ரொட்டி போடுகிறார்கள்.

#8 ஓடக்காரன்

கத்தோலிக்கரா? ஜார்ஜியாவிலா? இது என்ன புது ஆட்டம்?

#9 பழஞ்சுவடி

புது ஆட்டம் இல்லை, பழைய ஆட்டம். அகல்ட்சிகே பக்கம் ஜார்ஜியக் கத்தோலிக்கர்கள் பல தலைமுறையாக உண்டு. ஊரார் அவர்களைப் 'பிரங்கி' என்றார்கள். ஆமாம், நம்முடைய 'பரங்கி'யேதான், அதே பிராங்க் என்ற சொல்லின் இன்னொரு வழித்தோன்றல்.

அந்த ஊரில் மதத்தைக் கேட்டால் இனத்தைச் சொல்வார்கள், இனத்தைக் கேட்டால் மதத்தைச் சொல்வார்கள். முஸ்லிம் என்றால் 'தாத்தாரி'. ஆர்த்தடாக்ஸ் என்றால்தான் ஜார்ஜியர். கத்தோலிக்கர் பாடு இன்னும் சிக்கல். ஜார்ஜியரான கத்தோலிக்கர் லத்தீன் முறையில் வழிபட வழியில்லாமல் ஆர்மேனிய முறை ஆலயங்களுக்குப் போனார்கள். போனதனால் கணக்கில் ஆர்மேனியர் ஆனார்கள்! இதை எதிர்த்து எழுதிய மிக்கேல் தாமராஷ்விலி பாதிரியார் 1858இல் அகல்ட்சிகேயில் பிறந்தவர். 1910இல் ரோமில் ஜார்ஜியத் திருச்சபை வரலாற்றைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அடுத்த வருடம் இத்தாலியக் கடற்கரையில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றக் குதித்து, தானும் இறந்தார்.

அகல்ட்சிகேயில் ஜார்ஜிய மொழி பேசிய யூதர்களும் கணிசமாக இருந்தார்கள். 1970களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். ஜெபக்கூடம் இருக்கிறது, கூடுவதற்கு ஆள் குறைவு.

#10 காஸ்பியன்கரை

அஜர்பைஜானின் பாகுவில் பதினொரு வருடம் எண்ணெய்க் கம்பெனி வேலை. என் பிரிவில் அகிஸ்காக்காரர் ஒருவர் இருந்தார், பம்ப் பொறியாளர். அவர் பெயர் வேண்டாம். அவர் சொல்லி நான் கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1944 ஜூலை 31 தேதியிட்டு ஸ்டாலின் கையெழுத்தோடு ஓர் ஆணை, எண் 6279. எல்லையோரத்துத் துருக்கியர், குர்துகள், ஹெம்ஷின்கள் (முஸ்லிமான ஆர்மேனியர்) எல்லோரையும் மத்திய ஆசியாவுக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மானியப் படை மெஸ்கெத்தியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. துருக்கி நாளைக்கு எதிரியானால் இவர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். ஆண்களில் பெரும்பகுதி அப்போது சோவியத் ராணுவ உடையில் போர்முனையில் இருந்தார்கள்!

போர்ஜோமியிலிருந்து வாலே வரை புதிதாக ரயில் பாதை போட்டார்கள். மண் சுமந்தது அந்த ஊர்க்காரர்களே. பாதை முடிந்தது. அதே பாதையில் அவர்களையே ஏற்றினார்கள்.

நவம்பர் 14 ராத்திரி தொடங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள், 90,000க்கும் மேற்பட்ட மக்கள். பொழுது விடியும் முன் கதவைத் தட்டி, இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நண்பருடைய பாட்டி விடிந்தால் ரொட்டி சுட மாவு பிசைந்து வைத்திருந்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் அந்த மாவை ஒரு துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி ஏறினாராம். சரக்கு வண்டியில் மூன்றாம் நாள் மாவு புளித்துத் துணியைத் தாண்டி வழிந்தது. பெட்டிக்கு ஒன்று வைத்திருந்த தகர அடுப்பின் மேல் ஒட்டிச் சுட்டு, அந்தப் பெட்டியில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தார். பயணம் பல வாரம். பெட்டியில் மறைவிடம் இல்லை. ஆண்கள் முன்னால் ஒதுங்கக் கூசி, அடக்கி அடக்கியே செத்துப்போன பெண்களைப் பற்றியும் பாட்டி சொல்வாராம். அதைச் சொல்லும்போது நண்பர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய ஆண்கள் வீட்டில் வேறு குடும்பத்தைப் பார்த்தார்கள். பதக்கத்தோடு உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், கிர்கிஸ்தான் என்று ஊர் ஊராக மனைவி மக்களைத் தேடி அலைந்தார்கள்.

தினைக்குருவியின் பாட்டி வீட்டு அண்டாவைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது.

#11 தினைக்குருவி

அண்ணா, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. ஒன்று கேட்கிறேன். உங்கள் நண்பர் தன்னை என்ன என்று சொல்வார்?

#12 காஸ்பியன்கரை

அதைக் கேட்டால் சிரிப்பார். 1926 கணக்கெடுப்பில் தாத்தா 'துருக்கியர்'. முப்பதுகளில் அதே தாத்தாவை 'அஜர்பைஜானி' என்று எழுதினார்கள். 1944இல் ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்றதும் மறுபடி 'துருக்கியர்'. 1956இல் காவல் கட்டுப்பாடு நீங்கியது, ஆனால் ஜார்ஜியாவுக்கு மட்டும் போகக் கூடாது. சொந்த ஊருக்குப் பக்கத்திலாவது இருப்போம் என்று பலர் அஜர்பைஜானுக்கு வந்தார்கள். இவர் குடும்பமும் சாத்லியில் குடியேறியது. இவர் அப்பா கடவுச்சீட்டில் ஓர் இனம், பெரியப்பா கடவுச்சீட்டில் வேறு இனம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்!

அலைச்சலும் அதோடு நிற்கவில்லை. 1989 ஜூனில் உஸ்பெகிஸ்தானின் பெர்கானாவில் இவர்கள் வீடுகளுக்குத் தீ வைத்துக் கொன்றார்கள். சுமார் 17,000 பேரை ராணுவ விமானத்தில் ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். கிராஸ்னதாரில் வந்து சேர்ந்தவர்களுக்குப் பல வருடம் குடியிருப்பு அனுமதி மறுக்கப்பட்டது. அனுமதி இல்லையென்றால் சட்டப்படி வேலை இல்லை. 2004இலிருந்து அமெரிக்கா பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. ஒஹாயோ மாநிலத்து டேட்டனில் இன்று அவர்கள் தெருவே இருக்கிறது. உக்ரைனின் தோன்பாஸில் இருந்தவர்களைப் போருக்குப் பின் 2015 கடைசியில் துருக்கி அழைத்து எர்சின்ஜானில் வீடு கொடுத்தது.

#13 கோபக்கனல்

எல்லாம் சரி, அங்கே இருந்தவன் நிலத்தை ஆர்மேனியன் பிடித்துக்கொண்டான், அதுதானே விஷயம்? இப்போது பாதிக்கு மேல் அவன்தானே இருக்கிறான்.

#14 பனிமேடு

இல்லை, அது இல்லை விஷயம். இரண்டை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

இன்றைய சாம்ட்ஸ்கே-ஜாவகெத்தி மாகாணம் இரண்டு துண்டு சேர்ந்தது. மேற்கே ஆற்றுப் பள்ளத்தாக்கு, பழமும் திராட்சையும் விளைகிற மெஸ்கெத்தி. கிழக்கே ஜாவகெத்தி, மரமே இல்லாத உயரமான பீடபூமி. அங்கே பரவானி ஏரியே 2,073 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கும் மாடும்தான் பிழைப்பு. 2014 கணக்கெடுப்பில் மாகாணத்தில் 1,60,504 பேர். பாதியைக் கொஞ்சம் தாண்டி ஆர்மேனியர். ஆனால் அவர்களில் பெரும்பகுதி ஜாவகெத்தியில்தான். அகல்கலகி, நினோத்ஸ்மிண்டா பகுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

அவர்கள் வந்தது 1944க்கு 114 வருடம் முன்னால். 1828இல் பஸ்கேவிச் தலைமையில் ரஷ்யப் படை அகல்ட்சிகேயைப் பிடித்தது. 1829 எதிர்னே ஒப்பந்தத்தில் அது ரஷ்யாவுக்குப் போனது. முஸ்லிம்கள் பலர் ஒட்டோமான் பக்கம் கிளம்பினார்கள். ரஷ்யா திருப்பிக் கொடுத்த எர்சுரூமிலிருந்து ஆயிரக்கணக்கான ஆர்மேனியர்கள் பழிக்கு அஞ்சி, பேராயர் கரபெத்தின் தலைமையில் இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களும் துரத்தப்பட்டவர்கள்தான். பாடகர் சார்ல் அஸ்னவூரின் அப்பா பிறந்தது அகல்ட்சிகேயில். 1944இல் காலியான வீடுகளில் கொண்டுவந்து வைத்தது ராச்சா, இமெரெத்தி ஜார்ஜியர்களை, அதுவும் பலரைக் கட்டாயப்படுத்தி. தினைக்குருவி முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா?

ஜாவகெத்தியில் இன்னொரு கூட்டமும் உண்டு, யாரும் பேசுவதில்லை. துகோபோர்கள். சிலுவை வேண்டாம், பாதிரி வேண்டாம், ஆயுதம் வேண்டாம் என்ற ரஷ்யக் குடியானவர்கள். 1840களில் ஜார் அரசு தண்டனையாக இந்தப் பனிக்காட்டுக்கு அனுப்பியது. 1895 ஜூன் கடைசியில் வைத்திருந்த துப்பாக்கி, கத்தி எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினார்கள். சுற்றி நின்று திருப்பாடல்கள் பாடினார்கள். கொசாக் குதிரைப்படையினர் வந்து சாட்டையால் அடித்தார்கள். டால்ஸ்டாய் தன் நாவல் வருமானத்தைக் கொடுத்து உதவ, 1899 வாக்கில் சுமார் 7,500 பேர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். போகாமல் தங்கியவர்களின் மிச்சம் கோரெலோவ்கா கிராமத்தில் இருக்கிறது. புல் மண்டிய மண் கூரை, நீலச் சாயம் அடித்த ஜன்னல்கள். நான் போனது மே மாதத்தில், அப்போதும் கைவிரல் விறைத்தது.

#15 நெறியாளர்

கோபக்கனல், 'அவன் இவன்' என்று ஒரு இனத்தையே சுட்டுவது இங்கே கூடாது. இது முதல் எச்சரிக்கை. மற்றவர்கள் தொடரலாம்.

#16 ஓடக்காரன்

ஜார்ஜியாவின் பெரிய கவிஞர் ருஸ்தவேலி இந்த ஊர்க்காரர் என்கிறார்களே?

#17 பழஞ்சுவடி

'புலித்தோல் போர்த்திய வீரன்' என்ற தன் காவியத்தின் முடிவில் தன்னை 'ஒரு மெஸ்கி' என்று சொல்லிக்கொள்கிறார். ஜார்ஜிய இலக்கியத்தின் உச்சியில் இருப்பவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் சொல் அதுதான். அந்தக் காவியத்து நாயகன் தாரியேல் யார் தெரியுமா? இந்திய இளவரசன். நாயகியும் இந்திய அரசன் மகள். கதை அரேபியாவில் தொடங்கி இந்தியா, சீனா என்று சுற்றுகிறது. அவர் வர்ணிக்கிற இந்தியாவில் நம் ஊர் எதுவும் அடையாளம் தெரியாது என்பது வேறு விஷயம்.

#18 நேர்பேச்சு

நான் முன்பு சொன்னதில் ஒரு திருத்தம். 'பெரும்பான்மையோர் துருக்கியர் என்கிறார்கள்' என்பது சரி. ஆனால் எல்லோரும் இல்லை. லதீப்ஷா பரதாஷ்விலி போன்றவர்கள் "நாங்கள் முஸ்லிம் ஜார்ஜியர், எங்கள் பழைய குடும்பப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்" என்றே வாழ்நாள் முழுக்கப் போராடினார்கள். துரத்தப்பட்டவர்களின் இன்னொரு அமைப்பான 'வதன்' சங்கம் "துருக்கியராகவே திரும்புவோம்" என்றது. ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். ஜார்ஜியப் பெயரை ஏற்றவர்களில் சில குடும்பங்களை எண்பதுகளில் குரியா மாகாணத்து நசகிரலியில் குடியமர்த்தினார்கள். மெஸ்கெத்தியில் இல்லை!

1999இல் ஐரோப்பிய மன்றத்தில் சேரும்போது, பன்னிரண்டு வருடத்துக்குள் இவர்களைத் திரும்ப அழைக்கிறோம் என்று ஜார்ஜியா வாக்குக் கொடுத்தது. சட்டம் வந்தது 2007இல். விண்ணப்பத்தை ஜார்ஜிய மொழியில் அல்லது ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். ரஷ்ய மொழியும் துருக்கியும் உஸ்பெக்கும் தெரிந்த கிழவர்களுக்கு! கூடவே, குடும்பம் நாடு கடத்தப்பட்டதற்கு ஆவணச் சான்று. கடத்தியவனிடமே போய் "என்னைக் கடத்தியதாக எழுதிக் கொடு" என்று கேட்க வேண்டும். கெடு 2010 ஜனவரி 1. வந்த விண்ணப்பம் 5,841. அதில் தகுதி கிடைத்தவர்கள் சிறுபகுதி. வந்து குடியேறியவர்கள் இன்னும் சொற்பம்.

#19 பனிமேடு

ஆர்மேனியர்களின் பயத்தையும் சொல்ல வேண்டும். 1915இல் ஒட்டோமான் நாட்டில் நடந்த ஆர்மேனியப் படுகொலைக்குப் பின் தப்பி வந்த குடும்பங்களும் ஜாவகெத்தியில் உண்டு. 'துருக்கியர் வருகிறார்கள்' என்ற வாக்கியம் அவர்கள் காதில் எப்படி விழும்? அகல்கலகியில் இருந்த ரஷ்யப் படைத்தளம் 2007இல் மூடியபோது அங்கே பலர் அழுதார்கள். தளத்தில் இருந்த வேலை போனது ஒரு காரணம், இந்தப் பயம் இன்னொரு காரணம்.

#20 பழஞ்சுவடி

நேர்பேச்சு, நான் பாதிதான் பதில் சொன்னேன் என்று மூன்றாம் பதிவில் எழுதியிருந்தேன். மீதியை நீங்கள் எழுதிவிட்டீர்கள். தஃப்தர் ஒரு கேள்வி கேட்டது, எவ்வளவு விளைகிறது என்று. 6279 வேறு கேள்வி கேட்டது. 2007 படிவம் இன்னொரு கேள்வி. மெஸ்கி யார் என்பதற்கு ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு பதில். நான் முதல் காகிதத்தோடு நின்றுகொண்டேன்.

#21 காஸ்பியன்கரை

இந்த இழையின் சுருக்கத்தை நண்பருக்குச் சொன்னேன். தினைக்குருவி, வரப்புகள் தெரிகிற மாதிரி படம் இருந்தால் போடுங்களேன். நண்பருடைய பாட்டியின் கிராமம் வார்ட்சியாவுக்கு இந்தப் பக்கம் எங்கோதான்.

#22 தினைக்குருவி

போட்டிருக்கிறேன், நான்கு படம். நான்காவதில் கீழ் மூலையில் ஒரு காட்டுத் திராட்சைக் கொடி மரத்தில் ஏறிக் கிடக்கிறது பாருங்கள். 'தாமரின் கொடி' என்று ஒரு பழைய ரகம் உண்டு, அதுவாக இருக்கலாம் என்று தங்கிய வீட்டில் சொன்னார்கள். சில படிகளில் இப்போது புதிதாக நட்டிருக்கிறார்கள்.

#23 கல்சட்டி

வார்ட்சியா மடத்துக்குள்ளேயே 25 ஒயின் அறைகள், தரையில் புதைத்த 185 சாடிகள். அத்தனை சாடியையும் நிரப்பியது இந்த மாதிரிப் படிகள்தான். மலை ஆயிரம் மீட்டருக்கு மேல், ஆனால் கல்வரப்பு பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்து ராத்திரி கொடிக்குச் சூடு கொடுக்கும்.

#24 காஸ்பியன்கரை

நண்பர் படத்தைப் பார்த்தார். உருகிப்போவார் என்று நினைத்திருந்தேன். "எனக்கென்ன தெரியும், நான் பிறந்தது சாத்லியில். பாட்டி இருந்தபோது கேட்டிருக்க வேண்டும்" என்றார். பிறகு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: "ஆறு கீழே கிடக்கிறது. இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏற்றினார்கள்?" பம்ப் பொறியாளர் அல்லவா.

#25 பழஞ்சுவடி

ஏற்றவில்லை, இறக்கினார்கள். மேலே மலை ஊற்றிலிருந்து சரிவை ஒட்டிச் சின்ன வாய்க்கால் வெட்டி, படிக்குப் படி கீழே விடுவது. ஆற்றைத் தொடவே வேண்டாம். கவனிக்க ஆள் இல்லாமல் போனதும் முதலில் தூர்ந்தது அந்த வாய்க்கால்கள்தான். பிறகுதான் கொடி காய்ந்தது.

#26 தினைக்குருவி

ஐயோ. இரண்டாவது படத்தில் வரப்புக்கு மேலே ஒரு முழ அகலத்துக்குக் கோடு மாதிரி போகிறதே, ஓரத்தில் கல் வைத்து? நான் அதைப் பாதை என்று நினைத்து அதன் மேலேயே நடந்து போனேன்.